லைல் ஹோரக்கின் இடது தோள்

டொலிடோ நகரத்தில் யாராவது ஒரு காரியத்தைக் கையில் வாங்கிக் கோட்டைவிட்டால், "ஹோரக் பண்ணிட்டான்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. குழாய் ரிப்பேருக்கு வந்தவன் சமையலறையை வெள்ளக்காடாக்கிவிட்டுப் போனால் ஹோரக். கல்யாணத்தன்று மாப்பிள்ளை மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் ஹோரக். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஒரு மனிதனின் பெயர் என்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலருக்கு, அந்த மனிதன் இதே ஊரில்தான் நகராட்சிச் சாலைப் பிரிவில் வேலை பார்க்கிறான், குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரியும் பனி கரைந்ததும் குழிகளுக்குத் தார் போடும் வண்டியும் ஓட்டுகிறான் என்பது தெரியாது.

லைல் ஹோரக் நெப்ராஸ்காவில் சோளம் விளைவிக்கிற குடும்பத்துப் பையன். கதவு நிலையில் குனிந்துதான் நுழைவான். கல்லூரியில் ஃபுட்பால் ஆடினான். தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு மோதிக்கொள்கிற ஆட்டம். அங்கே அதற்குத்தான் ஃபுட்பால் என்று பெயர். பந்தை எறிகிறவன் வலது கைக்காரனாக இருந்தால் அவனுடைய முதுகு இடது பக்கம் திறந்து கிடக்கும். அந்த முதுகுக்குக் காவலாக நிற்பதுதான் லைலின் வேலை. கல்லூரிக் காலத்தில் அவனைத் தாண்டி ஒருவனும் போனதில்லை.

ஒவ்வொரு ஏப்ரலிலும் தொழில்முறை அணிகள் கூடி உட்கார்ந்து, கல்லூரியிலிருந்து வெளிவருகிற ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்வார்கள். டிராஃப்ட் என்று பெயர். போன வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. அந்த வருடம் டொலிடோவின் அணியான ஹெரான்ஸுக்கு நான்காவதாக எடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. நாரைகள் என்று செல்லமாகவும், ஒற்றைக்காலில் நிற்கிறதுகள் என்று கோபத்திலும் ஊர் அழைக்கும் அணி. நல்ல காவல்காரன் ஒருவன் வந்தால் போதும், விடிந்துவிடும் என்று ஊரே காத்திருந்தது.

அணிக்காக ஊர் ஊராகப் போய் ஆள் பார்க்கிறவர் எம்மெட் கார்வி. லைலின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவன் அம்மா சுட்டு வைத்த பழ ரொட்டிகளைத் தின்றுகொண்டே சொன்னார்: "அம்மா, உங்க பையனோட கால் இருக்கே, அது மாட்டுக்கொட்டாய்ல நடக்கிற கால் இல்ல. டான்ஸ் ஆடுறவன் கால்."

"மாட்டுக்கொட்டாய்லயும் அவன்தான் நடக்கிறான்" என்றாள் அம்மா. "இன்னும் ரெண்டு எடுத்துக்குங்க."

நாரைகள் லைலை எடுத்தார்கள். அவனுக்கு அடுத்து, ஐந்தாவதாக, வேறொரு அணி எடுத்த காவல்காரன் பிற்காலத்தில் நாடறிந்த பெரிய ஆட்டக்காரனானான். இந்த ஒன்றை மட்டும் டொலிடோ கடைசிவரை மன்னிக்கவில்லை.

லைல் யாருடைய முதுகுக்குக் காவல் நின்றானோ அந்த எறிபவன் அல்வின் ட்ரூட். டொலிடோவிலேயே பிறந்து, மாமி ஆற்றங்கரைத் தெருக்களில் ஓடி வளர்ந்த கறுப்பினப் பையன். ஊரின் கண்ணுக்குக் கண். அக்டோபரில் சொந்த மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்தில், எதிரணிக்காரன் ஒருவன் லைலின் வெளிப்பக்கமாக வந்தான். லைல் காலை எடுத்து வைத்தான். வைத்த இடம் சரியான இடம்தான். ஆனால் அவன் வைப்பதற்குள் மற்றவன் போய்விட்டிருந்தான். பின்னால் காய்ந்த சோளத்தட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். லைல் திரும்பியபோது அல்வினின் கால், கால் இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

அல்வின் அதன் பிறகு ஆடவே இல்லை. மறுநாள் லைலின் வாசலில் அழுகிய மீன்கள் கிடந்தன. அதற்கடுத்த வாரம் ஜன்னல் உடைந்தது. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அல்வின்தான் நிருபர்களிடம் சொன்னான்: "லைல் எனக்கு முன்னாடி நின்னான். அவனால முடிஞ்ச மட்டும் நின்னான். இது ஆட்டம். அவன விட்டுடுங்க." அந்த வார்த்தைகளுக்குப் பிறகு மீன் வருவது நின்றது. பேச்சு நிற்கவில்லை.

அடுத்த பருவத்திலும் லைல் தோற்றுக்கொண்டே இருந்தான். அணி அவனை விடுவித்தது. வேறு எந்த அணியும் கூப்பிடவில்லை. நெப்ராஸ்காவுக்கே திரும்பிப் போயிருப்பான். ஆனால் அதற்குள் நொரீனைக் கட்டியிருந்தான். அவள் டொலிடோக்காரி, படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயை விட்டு வரமுடியாதவள். அம்மா இருக்கும்வரை இருப்போம் என்றாள். அம்மா பல வருடம் இருந்தாள். அதற்குள் லைலுக்கு நகராட்சி வேலை, ஒரு வீடு, ஒரு மகள் எல்லாம் ஆகிவிட்டிருந்தன. மகள் கல்யாணம் செய்துகொண்டு சின்சினாட்டிக்குப் போனபோது, கணவன் வீட்டுப் பெயரைச் சூட்டிக்கொண்ட வேகத்தை லைல் கவனிக்காமல் இல்லை.

கூட வேலை பார்க்கிற டுவேன், தார் கொட்டும்போது கேட்பான்: "டேய் ஹோரக், இந்தக் குழிய நீ அடைப்பியா, இல்ல இதுவும் உன்னச் சுத்திக்கிட்டுப் போயிடுமா?"

லைல் சிரிப்பான். எத்தனையோ வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனைத் தேடி வருகிறவர் எம்மெட் கார்வி ஒருவர்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு வருவார். லைலின் அப்பா இறந்தபோது டொலிடோவிலிருந்து நெப்ராஸ்காவரை தனியாகக் காரோட்டிக்கொண்டு வந்து, அறுவடை முடிந்த வயலோரத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அணியிலிருந்து வேறு யாரும் ஒரு பூங்கொத்துகூட அனுப்பவில்லை. லைல் அதை மறக்கிற ஆள் இல்லை.

அப்புறம் அணி கைமாறியது. புதிய முதலாளி, நாரைகள் ஏன் இத்தனை காலமாகத் தோற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வெளியூர் நிறுவனம் ஒன்றை அமர்த்தினார். அணி தொடங்கிய நாளிலிருந்து டிராஃப்டில் யார் யாரை எடுத்தார்கள், எடுத்தவன் எப்படி ஆடினான், அவனை விட்டுவிட்டு யாரை எடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு தேர்வையும் எடைபோட்டார்கள். அந்த மதிப்பீடு எப்படியோ உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கிடைத்துவிட்டது. மிக மோசமான தேர்வு லைல் ஹோரக். அது யாருக்கும் செய்தியில்லை. செய்தி என்னவென்றால், ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவனைச் சிபாரிசு செய்தவர் பெயரும் இருந்தது. கார்வி பார்த்துச் சொன்னவர்களில் உருப்பட்டவர்களும் உண்டு, உருப்படாதவர்களும் உண்டு. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்திருந்தாலும் ஏறக்குறைய இதே பலன்தான் வந்திருக்கும் என்று அந்த நிறுவனத்தார் எழுதியிருந்தார்கள்.

எம்மெட் அப்போது ஓய்வுபெற்று, மனைவியை இழந்து, தனியாக இருந்தார். அணி அலுவலகத்தில், ஆள் தேர்வு பற்றிப் பேசுகிற அறைக்கு அவர் பெயரை வைப்பதாக இருந்தார்கள். மதிப்பீடு வெளியானதும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் லைலின் வீட்டுக்கு வந்தார். பலகாரம் இல்லை. கையில் ஒரு பழைய வீடியோ டெக்கும் சில கேசட்டுகளும் இருந்தன. முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

"உட்காரு தம்பி. இதப் பாரு" என்றார். வீட்டுக்காரனையே உட்காரச் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

திரையில், இருபத்தோரு வயது லைல் இருந்தான். ஒருவன் பாய்ந்து வருகிறான். லைல் ஒரு காலைப் பின்னால் வைக்கிறான். வந்தவன் சுவரில் மோதியவன் போல நின்றுவிடுகிறான். இன்னொருவன். அவனும் அப்படியே.

"இந்தக் காலப் பாரு! இந்தக் காலப் பார்த்துட்டு எவன்யா வேண்டாம்பான்? நீ சொல்லு! அந்தக் கம்ப்யூட்டர்காரனுங்கள இங்க உட்கார வெச்சுக் காட்டணும்."

"நல்லாத்தான் ஆடியிருக்கேன்" என்றான் லைல். வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"அப்ப என்னதான் ஆச்சு? எத்தன வருசமா மண்டையப் போட்டு உடைச்சுக்கிறேன். குடிச்சியா? பொண்ணு கிண்ணு விவகாரமா? வீட்டு நெனப்பா? ஏதாவது ஒண்ணு இருந்திருக்கணுமில்ல?"

லைல் கேசட்டை நிறுத்தினான். "ஒண்ணும் இல்ல எம்மெட். காலேஜ்ல வந்தவனுங்களவிட அங்க வந்தவனுங்க வேகமா வந்தானுங்க. நான் அந்த அளவுக்கு இல்ல. அவ்வளவுதான்."

"அப்படிச் சொல்லாத!" பெரியவர் கத்தியே விட்டார். அடுக்களையிலிருந்து நொரீன் எட்டிப் பார்த்தாள். எம்மெட் குரலைத் தணித்துக்கொண்டார்.  "அப்படிச் சொன்னா நான் பார்த்தது என்ன? முப்பது வருசம் மோட்டல்ல படுத்து, கெட்டுப்போன காப்பியக் குடிச்சு, என் பசங்க வளர்றதக்கூட பார்க்காம நான் பார்த்தது என்ன?"

லைல் கேசட்டை உருவி அதன் உறையில் போட்டான். எம்மெட் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ஸ்டாண்டிஷோட ரேடியோ நிகழ்ச்சிக்கு உன்னக் கூப்பிட்டிருக்கான்ல?"

"வருசா வருசம் கூப்பிடுவான். போக மாட்டேன்."

"இந்தத் தடவ போ. போய், அந்தச் சமயத்துல எனக்குத் தோள்ல தசைநார் கிழிஞ்சிருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லாம மறைச்சிட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான். உடம்பு சரியில்லாதவன் எப்படி ஆடுவான்? அப்ப தேர்வு தப்பில்லைன்னு ஆயிடும். உனக்கும் நல்லதுதானே? முடியாதவன்ங்கிறதுக்கு அடிபட்டவன் பரவால்ல."

"எனக்குத் தோள்ல ஒண்ணும் இல்லியே எம்மெட்."

"தெரியும் தம்பி" என்றார் அவர். "கேட்கத்தான் வந்தேன். நான் யார்கிட்டயும் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."

அவர் போன பிறகு நொரீன் பாத்திரத்தை அலசாமலே போட்டுவிட்டு வந்தாள்.

"மாட்டேன்னு சொல்லியிருக்கணும் நீ."

"போகட்டும் நொரீன். இந்த ஊர்ல எனக்கு இனிமே கெடுறதுக்கு என்ன இருக்கு? முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு?"

"நனைஞ்சது நீ மட்டுமில்ல. நானுந்தான் நனைஞ்சேன். ஆனா இதுவரைக்கும் ஒருத்தனும் உன்னப் பொய்யன்னு சொன்னதில்ல. தோத்தவன்னான். நான் தலநிமிர்ந்து நடந்தேன். நாளைக்கு என்ன பண்ணட்டும்?"

லைல் வயலோரத்தில் தொப்பியைக் கழற்றி நின்ற மனிதரை நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ரேடியோ நிலையத்துக்குப் போனான். நிகழ்ச்சி நடத்துகிற ரிக் ஸ்டாண்டிஷ் கெட்டவன் என்று சொல்ல முடியாது. பேச்சு தடைபட்டால் சோறு கிடைக்காது என்கிற பிழைப்பு அவனுக்கு. லைல் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னான். இடது தோள். கல்லூரியின் கடைசி ஆட்டத்தில் கிழிந்தது. டிராஃப்டில் பின்னால் போய்விடுவோமோ என்று பயந்து, வீட்டுக்கு வந்து அம்மா சுட்ட ரொட்டியைத் தின்ற கார்வியிடம்கூட மறைத்துவிட்டேன். கார்விமேல் தப்பில்லை, அவர் பார்த்தது சரிதான்.

 ஸ்டாண்டிஷ் மைக்கை இழுத்துக்கொண்டான்.

"இருங்க, இருங்க. ஒருத்தனுக்குத் தோள் கிழிஞ்சிருக்கு. அவனத்தான் நம்ம ஆளு மாசக்கணக்கா பின்னாடியே போய்ப் பார்த்திருக்காரு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்காரு. தோள் கிழிஞ்சது மட்டும் கண்ணுக்குத் தெரியல! அப்ப அவரு எதத்தான் பார்த்தாரு லைல்? ரொட்டியவா?"

லைல் வாயைத் திறந்தான். இதற்கு என்ன சொல்வதென்று அவனும் எம்மெட்டும் யோசித்து வைத்திருக்கவில்லை.

அப்புறம் நேயர்கள் வந்தார்கள். ஒருவன், கார்விக்குத் தெரிந்துதான் இருக்கும், இரண்டு பேரும் கூட்டு என்றான். இன்னொருவன், தன் அப்பா சாகும்போதுகூட நாரைகள் தொப்பியோடு செத்தார், அவரையும் ஏமாற்றியிருக்கிறாய் என்று அழுதான். கடைசியாக ஒரு பெண்மணி, வயதான குரல், நிதானமாகக் கேட்டாள்: "ஏம்ப்பா, உனக்குக் கை சரியில்லைன்னு தெரிஞ்சே அந்த அல்வின் பையனுக்கு முன்னாடி போய் நின்னியா?"

லைல் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அல்வினைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. எம்மெட்டைப் பற்றியும் நொரீனைப் பற்றியும் யோசித்தவன், அல்வினை யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை டுவேன் தார் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கேலி எதுவும் செய்யவில்லை. நாள் முழுக்கச் செய்யவில்லை. வாரக் கடைசியில் வேறு வண்டிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான்.

எம்மெட்டிடமிருந்து ஒரே ஒரு முறை போன் வந்தது. "அவன் அப்படித் திருப்புவான்னு நான் நினைக்கல தம்பி" என்றார். குரல் ரொம்ப தூரத்திலிருந்து வந்தது. அறைக்கு வேறு யாரோ பழைய பயிற்சியாளரின் பெயரை வைத்தார்கள். அதற்குப் பிறகு லைல் கூப்பிட்டாலும் அவர் எடுப்பதில்லை. நேரில் போனபோது உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதயம் நின்று எம்மெட் இறந்துபோனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சொன்னார்கள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். லைலும் நொரீனும் கறுப்பு உடுத்திக்கொண்டு போனார்கள். எம்மெட்டின் மூத்த மகன் வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தான். லைல் கையை நீட்டியதும் அவன் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீங்க வந்திருக்கக் கூடாது."

"உங்கப்பா எனக்கு ரொம்ப வேண்டியவரு."

"அப்பா கடைசிவரைக்கும் உங்களப் பத்தித்தான் பேசினாரு. 'அந்த ஹோரக் தோள மறைச்சு என்னைக் கவுத்துட்டான், இல்லன்னா என் பேர் நின்னிருக்கும்'னு. டாக்டர்கிட்ட, நர்ஸ்கிட்ட, தபால்காரன்கிட்ட, எல்லார்கிட்டயும். அதச் சொல்றப்ப எப்படி அழுவாரு தெரியுமா?"

நொரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லைல் அவள் முழங்கையைப் பிடித்தான். கிழவர் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று அவனுக்குத் தோன்றியது. தானே கேட்டு வாங்கிய பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு நாள் அதை நம்பியிருப்பார். அவர் தேடிக்கொண்டிருந்த காரணம் கடைசியில் கிடைத்திருக்கும். அதை அவரிடமிருந்து பிடுங்க இனி யாராலும் முடியாது. பிடுங்கவும் லைலுக்கு மனமில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் அல்வின் ட்ரூட் நின்றிருந்தான். நரைத்துப் போயிருந்தான். கால் இன்னும் சரியாக மடங்குவதில்லை. எங்கே பார்த்தாலும் தலையசைக்கிறவன், அன்றைக்கு லைலைப் பார்த்துவிட்டு விந்தியபடி தன் காருக்குப் போனான்.

அடுத்த சனிக்கிழமை லைல் அவன் வீட்டுக்குப் போனான். அல்வின் உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். வீடு சின்னது, சுத்தமாக இருந்தது. கதவைத் திறந்தவன் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. லைல் உள்ளே போய் நின்றுகொண்டே பேசினான்.

"அல்வின், எனக்குத் தோள்ல ஒண்ணும் இருந்ததில்ல. ரேடியோவுல சொன்னது பொய். எம்மெட் கேட்டாரு, சொன்னேன். அன்னிக்கு நான் முழு உடம்போடதான் நின்னேன். சத்தியமா."

"உட்காரு" என்றான் அல்வின். அவனே காப்பி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். எதிரே காலை நீட்டி உட்கார்ந்து வெகுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"செத்தவரு கேட்டாருங்கிற. அவர்கிட்ட கேக்க முடியாது."

"ஆமா."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"மறக்கல அல்வின். ஒரு நாளும் மறக்கல."

"நான் அத உனக்காகச் சொல்லல. எனக்காகச் சொன்னேன். எனக்கு முன்னாடி நின்னவன் முடிஞ்ச மட்டும் நின்னான்னு நினைச்சாதான் என்னால அந்தக் கட்டில்லேருந்து எந்திரிக்க முடிஞ்சுது. இந்தக் கால வெச்சுக்கிட்டு இத்தன வருசம் நடந்தது அத நம்பித்தான்." அவன் குரலை உயர்த்தவில்லை. "இப்ப நீ வந்து, அப்ப சொன்னது பொய், இப்ப சொல்றது நிஜம்ங்கிற. இருக்கலாம். எது பொய்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது லைல்? ஒரு வருசத்துக்கு முன்னாடி நீ என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்."

"அணி டாக்டரு இருப்பாரு. கேட்டுப் பாரு. எக்ஸ்ரே எடுத்திருப்பாங்க."

"கேக்க மாட்டேன்" என்றான் அல்வின். "கேட்டுத் தெரிஞ்சுக்கிற விசயமா இது?"

லைல் காப்பியைக் குடித்து முடித்தான். அல்வின் வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். படியில் இறங்கும்போது கைப்பிடி ஆடுகிறது, பார்த்துப் போ என்று மட்டும் சொன்னான்.

வீட்டில் நொரீன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொன்னான்?"

"காப்பி குடுத்தான்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "சாப்பிட வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். லைல் காலணியைக் கழற்றுவதற்காகக் குனிந்தவன், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். எதிர்வீட்டில் நாரைகளின் புதிய கொடியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் பருவத்தின் முதல் ஆட்டம்.